காடு புகையைத் தின்னாது!

2022 ஏப்ரல் 8 அன்று சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில் ஏறியது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் அது. அடுத்த பத்தொன்பதாம் நாள், ஏப்ரல் 27-ல், அதே சதுப்பை மேடாக்கிக் கொட்டிவைத்த பெருங்குடிக் குப்பைக்கிடங்கு பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீர் பீய்ச்சியும் மேட்டின் அடியில் கனன்ற குப்பை லேசில் அடங்கவில்லை. சுற்றியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கோடை வெயிலில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பட்டியலில் சேர்ந்த செய்தி ஜூலையில்தான் வெளியே வந்தது. புகை மட்டும் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பள்ளிக்கரணை, கிண்டி, நன்மங்கலம் என்று எதைப் பற்றி எழுதினாலும் ‘மாநகரத்தின் நுரையீரல்’ என்று போட்டுவிடுவது பத்திரிகைக்காரர்களின் வழக்கம். மரம் கெட்ட காற்றை இழுத்துக்கொண்டு நல்ல காற்றைக் கொடுக்கும் என்று ஆரம்பப் பள்ளியிலிருந்து படித்துவருகிறோம். அதை நம்புவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால், அந்த நம்பிக்கையை நம்மைவிடச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். புகைபோக்கிக்குப் பக்கத்தில் சில ஆயிரம் கன்றுகளை நட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது அவர்கள் வாதம். ஆலைகளுக்குத் தரப்படும் சுற்றுச்சூழல் அனுமதிகளில் ‘பசுமை வளையம்’ என்ற நிபந்தனை தவறாமல் இடம்பெறும். நடுவார்கள், படம் எடுப்பார்கள், புகை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மரம் காற்றைச் சுத்தப்படுத்துகிறதா? சுத்தப்படுத்துகிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த டேவிட் நோவாக்கும் அவர் குழுவினரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியது. அந்நாட்டின் மரங்களும் காடுகளும் 2010-ம் ஆண்டில் 1.74 கோடி டன் காற்று மாசை அகற்றியிருந்தன. கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால், அதனால் காற்றின் தரம் உயர்ந்தது சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு! அந்தச் சின்னப் பங்கிலேயே 850-க்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பின என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே அதை அற்பம் என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் மீதி 99 சதவீதத்தை மரம் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் தூங்கப் போய்விட முடியாது. இலைமேல் படிந்த தூசு அடுத்த காற்றில் மறுபடி கிளம்பும். நெருக்கமான தெருவில் கவிந்து நிற்கும் மரங்கள் வண்டிப் புகையை மேலே போகவிடாமல் பிடித்துவைப்பதும் உண்டு.

டெல்லியைப் பாருங்கள். ஆரவல்லி மலைத்தொடரின் வால்பகுதியான ‘ரிட்ஜ்’ காடு அந்த நகரத்துக்குள்ளேயே சுமார் 7,700 ஹெக்டேர் பரந்து கிடக்கிறது. நம் கிண்டி தேசியப் பூங்காவைப் போல 28 மடங்கு. அத்தனை காடு இருந்தும் பல நவம்பர்களில் டெல்லியில் பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறார்கள். அந்த நகரத்தில் பேருந்துப் புகை ஒரு காலத்தில் குறைந்தது என்றால், அதற்குக் காரணம் உச்ச நீதிமன்றம் 1998-ல் போட்ட உத்தரவு. 2002 முடிவதற்குள் அங்கே நகரப் பேருந்துகள் எல்லாம் டீசலிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறின. பிறகு வண்டிகளின் எண்ணிக்கை பெருகி அந்த லாபத்தை விழுங்கியது தனிக்கதை.

காடு புகையைத் தின்னாது. அப்படியானால் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளுக்கும் நம் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? நிறையச் சம்பந்தம் இருக்கிறது. அது இலையில் இல்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறது.

கோடு போட்ட இடம்

கிண்டிக் காடு ஒரு காலத்தில் ஏறக்குறைய 500 ஹெக்டேர். ஐ.ஐ.டி. வந்தது, தலைவர்களின் நினைவிடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு தடவையும் காடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. எல்லாமே நல்ல காரியங்கள்தான். 1978-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகுதான் இந்தக் கரைதல் நின்றது. மிஞ்சியது 270 ஹெக்டேர். வெளிமானும் புள்ளிமானும் அதற்குள் இன்னும் மேய்கின்றன. நகரத்தின் நடுவே, நிலம் யானை விலை குதிரை விலை விற்கும் இடத்தில், அரை நூற்றாண்டாக அங்கே ஒரு ஜெனரேட்டர் ஓடும் வணிக வளாகமோ, லாரி நிறுத்தமோ, குப்பைமேடோ வரவில்லை. கிண்டி சென்னைக்குத் தந்த காற்றுக் கொடையில் பெரும்பங்கு இதுதான்: அங்கே வராமல் போன புகை.

வேறு பயன்களும் உண்டு. ஈரநிலமும் காடும் சுற்றுப்புறத்தின் வெப்பத்தைத் தணிக்கின்றன. வெயிலும் வண்டிப் புகையும் சேர்ந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகின்றன. வானத்தின் உச்சியில் நம்மைக் காக்கும் அதே வாயு, மூக்குக்குப் பக்கத்தில் வந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும். வெப்பம் குறைந்தால் அதுவும் குறையும். பசுமை மூடிய மண்ணிலிருந்து தூசு கிளம்பாது. சதுப்பு வெள்ளத்தை உள்வாங்கிக்கொள்ளும். இவையெல்லாம் எல்லாரும் சொல்வதுதான்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று 2009-ம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர அளவுகோலில் இருக்கிறது. அந்த அட்டவணையில் இரண்டு பத்திகள். ஒன்று தொழிற்சாலை, குடியிருப்பு, கிராமப்புறம் எல்லாவற்றுக்கும் பொதுவானது. மற்றொன்று மத்திய அரசு அறிவித்த ‘சூழல் கூருணர்வுப் பகுதி’களுக்கானது. கந்தக டை ஆக்சைடின் ஆண்டுச் சராசரி முதல் பத்தியில் கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை போகலாம். இரண்டாவது பத்தியில் 20-ஐத் தாண்டக் கூடாது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு முறையே 40, 30. அதாவது, வரைபடத்தில் ஒரு கோடு விழுந்தால் அதற்குள் இருக்கும் காற்றுக்குச் சட்டம் கடுமையாகிறது. மனிதர்கள் நெருக்கியடித்து வாழும் இடத்துக்கு 50, மரமும் பறவையும் வாழும் இடத்துக்கு 20 என்பதைப் படித்ததும் கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால், இதே விதி மனிதர்களுக்கும் கைகொடுக்கக்கூடிய ஓர் இடம் சென்னையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது.

கோடு போடாத இடம்

கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு சேருகிறது. சேருவதற்கு முன் அகலமாகப் பரந்து உப்பங்கழியாகிறது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வடக்கே பழவேற்காடு ஏரியோடும் அதற்குத் தொடர்பு உண்டு. அலையாத்தி மரங்கள், உப்பளங்கள், இறாலும் நண்டும் நிறைந்த ஆழமில்லாத நீர். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று கரை நெடுகக் குப்பங்கள். கழியில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இன்றும் உண்டு.

பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமானது, 153.67 சதுர கிலோமீட்டர். பூநாரைகள் அங்கே வந்து இறங்குகின்றன. அதே நீர்ப்பரப்பின் தொடர்ச்சியான எண்ணூர்க் கழிக்குச் சரணாலயம் என்ற கோடு விழவில்லை. விளைவை இன்று முகத்துவாரத்தில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் காணலாம்.

1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம். தொண்ணூறுகளில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம்; இப்போது காமராஜர் துறைமுகம். அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகம், வல்லூர் அனல்மின் நிலையம், வடசென்னையின் இரண்டாம் கட்டம். 2024 மார்ச்சில் 800 மெகாவாட் திறனுள்ள மூன்றாம் கட்டத்தையும் திறந்துவைத்தார்கள். பழைய எண்ணூர் நிலையம் மட்டும் 2017-ல் மூடப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு நியாயம் இருந்தது: கடல் பக்கம், நிலக்கரி இறக்க வசதி, குளிர்விக்கத் தண்ணீர், நிலமோ பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கும் வேலை மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. நம் அனுமதி முறையே அப்படி. ஒவ்வொரு ஆலையும் தன் புகையை மட்டும் அளந்து காட்டும். அந்தப் புகைகளையெல்லாம் கூட்டிச் சுவாசிக்கிறவர்கள் குப்பத்துக்காரர்கள்.

2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70-க்கு மேல் வாங்கினால் ‘மிகமோசமாக மாசடைந்த பகுதி’. மணலி வாங்கியது 76.32. வேண்டாத இடத்தில் டிஸ்டிங்ஷன்! அடுத்த ஆண்டு புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கங்களுக்கும் தடை வந்தது. பிறகு தடை நீங்கியது.

இங்கே மின்நிலையங்கள் எரிக்கும் நிலக்கரிக்கு ஒரு குணம் உண்டு. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். எரித்த பிறகு அந்தச் சாம்பல் எங்கேயாவது போக வேண்டும். கொஞ்சம் சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. மீதியைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கழியின் மேலே ஓடுகின்றன. வெடிப்பு விட்டால் சாம்பல் தண்ணி நேராக ஆற்றில். கழியின் தரை மேடாகி, படகு தட்டும் அளவுக்குச் சாம்பல் படிந்தது. கோடையில் குளம் காய்ந்தால் அதே சாம்பல் காற்றில் ஏறும். சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கம் போன்ற கிராமங்களில் காயப்போட்ட துணியில், மூடாத குடத்தில், தூங்கும் பிள்ளையின் முகத்தில் அது வந்து உட்காரும். 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கழியில் கொட்டிய சாம்பலுக்கு மின்வாரியமே பொறுப்பு என்றும், ஈரநிலத்தை மீட்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

1996-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல வரைபடத்தில் இந்தக் கழியும் அதன் அலையேறும் நிலங்களும் கட்டடம் கூடாத பகுதியாகக் காட்டப்பட்டிருந்தன. பின்னால் வந்த வரைபடங்களில் கழியின் பெரும்பகுதி சுருங்கிப்போனது என்பது மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் இன்றுவரை நீதிமன்றங்களில் வைக்கும் குற்றச்சாட்டு. கோடு ஒன்று இருந்தது, அது கரைந்தது என்கிறார்கள். ஆறு இடம் மாறுவதற்கு நூற்றாண்டுகள் ஆகும். வரைபடத்தில் மாற ஒரு கோப்பு போதும்.

2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் இரண்டு அடி விழுந்தது. 4-ம் தேதி மிக்ஜாம் புயல் மழையோடு, மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தில் கலந்து கழிக்குள் வந்தது. மீனவர்கள் வாளியாலும் மக்காலும் அதை அள்ளினார்கள். கூழைக்கடாக்களின் இறகு கறுத்துப்போனது. 26-ம் தேதி நள்ளிரவு பெரியகுப்பம் பக்கத்தில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியாவுக்காவது வாடை உண்டு, எழுந்து ஓடவைக்கும். தினந்தினம் வரும் புகைக்கு அந்தத் தயவும் கிடையாது.

உடம்புக்குள் நடப்பது

பி.எம். 2.5 என்ற சொல் இப்போது டீக்கடை வரை வந்துவிட்டது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் அது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கின் முடியும் தொண்டையின் சளியும் அதைப் பிடிக்க முடியாது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய், மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கின்றன. அதனால்தான் காற்று மாசினால் வரும் சாவுகளில் பெரும்பங்கு ஆஸ்துமாவால் நேர்வதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் நோய், புற்றுநோய் என்று வேறு பெயர்களில் வருகிறது. இறப்புச் சான்றிதழில் ‘புகை’ என்று யாரும் எழுதுவதில்லை.

புகைபோக்கியிலிருந்து நேரடியாக வரும் தூசு பாதிக் கதைதான். நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாக வாயு வடிவில் வெளியேறுகிறது. காற்றில் பயணம் செய்யும்போது அமோனியாவோடும் ஈரத்தோடும் சேர்ந்து சல்பேட் துகளாகிறது. அதுவும் பி.எம். 2.5 தான். ஆலைவாசலில் வாயுவாக அளந்து ‘அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று எழுதிவைப்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு குழந்தையின் மார்பில் துகளாக இறங்கும்.

இதை ஐயமற நிறுவிய ஆய்வுகளில் முக்கியமானது, ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு 1993-ல் வெளியிட்ட ஆறு நகரங்களின் ஆய்வு. அமெரிக்காவின் ஆறு ஊர்களில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார்கள். புகைப்பழக்கம் உள்ளிட்ட காரணங்களைக் கழித்த பிறகும், மிக மாசடைந்த ஊரான ஸ்டூபன்வில்லில் சாவு விகிதம், மிகத் தூய்மையான ஊரைவிட 26 சதவீதம் அதிகம். நிலக்கரியும் எஃகும் சார்ந்த ஊர் அது. இந்தியாவில் 2019-ல் நேர்ந்த மரணங்களில் 16.7 லட்சம் காற்று மாசோடு தொடர்புடையவை என்று ‘லான்செட்’ இதழ்க் குழும ஆய்வு மதிப்பிட்டது. மொத்த மரணங்களில் 17.8 சதவீதம். வீட்டு அடுப்புப் புகையும் அதில் சேர்த்தி.

பி.எம். 2.5-க்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் சட்டம் அனுமதிப்பது 40. எட்டு மடங்கு. ‘அளவுக்குள் இருக்கிறது’ என்று அதிகாரிகள் சொல்லும்போது எந்த அளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வடசென்னையில் ‘வீசிங்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே இன்ஹேலர் மருந்து எழுதித்தரப்படுவது அங்கே அதிசயமில்லை. ஓர் இளைப்பு வந்தால் ஒரு நாள் கூலி போகும். நெபுலைசருக்கு, மாத்திரைக்கு, ஆட்டோவுக்கு மறு நாள் கூலியும் போகும். மின்சாரத்தின் யூனிட் விலையில் இந்தச் செலவு ஏறுவதில்லை. ஏறினால் நிலக்கரி மின்சாரம் மலிவு என்ற பேச்சே எழாது.

புகைபோக்கியை உயரமாகக் கட்டிவிட்டோமே என்று ஒரு சமாதானம் உண்டு. வடசென்னையில் 275 மீட்டர் உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கிய உயரம். உயரம் கூடினால் புகை குறையாது, தூரமாகப் போய் இறங்கும், அவ்வளவுதான். 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற லண்டன் புகைமூட்டத்துக்குப் பிறகு பிரிட்டனும் இதைத்தான் செய்தது. உயர்ந்த புகைபோக்கிகளிலிருந்து போன கந்தகத்தில் ஒரு பங்கு ஸ்காண்டிநேவியாவின் ஏரிகளில் அமில மழையாக விழுந்தது. இங்கே கொண்டல் அடித்தால் மீஞ்சூர்ப் பக்கம், வாடை அடித்தால் மணலி, திருவொற்றியூர்ப் பக்கம், தென்காற்றில் பழவேற்காட்டுப் பக்கம். காற்றுக்குச் சரணாலய எல்லை தெரியாது.

பளிங்குக்குக் கிடைத்த நீதி

அந்தக் காற்றுக்கும் எல்லை போட முடியும் என்று காட்டிய நாடுகள் உண்டு. அமெரிக்கா 1977-ல் தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, 156 தேசியப் பூங்காக்களையும் வனப்பகுதிகளையும் முதல் வகுப்புப் பகுதிகளாக்கியது. அங்கே நிலம் மட்டுமல்ல, மேலே இருக்கும் காற்றும், அந்தக் காற்றினூடே தெரியும் காட்சியும்கூடப் பாதுகாக்கப்பட வேண்டியவை. கிராண்ட் கேன்யனுக்குப் பக்கத்தில் 2,250 மெகாவாட் நவாஹோ அனல்மின் நிலையம் இருந்தது. பள்ளத்தாக்கின் எதிர்க்கரை மங்கலாகத் தெரிகிறது என்பதுதான் புகார். அதற்காகவே 1991-ல் ஓர் உடன்பாடு ஏற்பட்டு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூன்று புகைபோக்கிகளிலும் கந்தக நீக்கக் கருவிகள் பொருத்தப்பட்டன. வெளியேறும் கந்தக டை ஆக்சைடு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2019-ல் ஆலையே மூடப்பட்டது. அது மலிவான எரிவாயுவின் போட்டியால். சுற்றுலாப் பயணியின் கண்ணுக்காக வந்த கருவி அக்கம்பக்கத்துப் பழங்குடி மக்களின் நுரையீரலுக்கும் உதவியது.

நம் நாட்டில் அப்படி நடந்ததில்லையா? நடந்திருக்கிறது, தாஜ்மகாலுக்கு! வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாஜைச் சுற்றி 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு நாற்கர எல்லை. அதற்குள் நிலக்கரி எரித்த 292 ஆலைகள் எரிவாயுவுக்கு மாற வேண்டும் அல்லது இடம்பெயர வேண்டும். வெள்ளைப் பளிங்கு மஞ்சளாகிறது என்பதுதான் காரணம். பரத்பூர் பறவைகள் சரணாலயமும் அந்த எல்லைக்குள் வருகிறது. கல்லுக்காகப் போட்ட கோட்டில் பறவையும் மனிதனும் சேர்ந்து பிழைத்தார்கள். நல்ல தீர்ப்பு. எண்ணூரில் பளிங்கு இல்லை, அதுதான் குறை.

காப்பிடங்கள் காற்றுக்குச் செய்யும் வேலை இன்னொன்றும் உண்டு. அதற்குச் செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியை இங்கே சொல்லியாக வேண்டும். பெயரில்தான் பாசி. பூஞ்சையும் பாசியும் ஒன்றையொன்று அண்டி வாழும் கூட்டுயிர் அது; மலைக்காடுகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் வளர்கிறது. அதற்கு வேர் கிடையாது. வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். காற்றில் கந்தகம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு செத்துப்போகும். பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களை வைத்து, இந்தக் கூட்டுயிர்கள் காற்றின் தரத்தைக் காட்டும் என்று 1866-லேயே எழுதினார் நைலாண்டர் என்ற தாவரவியலாளர். 1970-ல் ஹாக்ஸ்வொர்த்தும் ரோஸும் இங்கிலாந்து முழுக்க மரப்பட்டைகளைப் பார்த்தே கந்தக டை ஆக்சைடுக்கு ஓர் அளவுகோல் அமைத்தார்கள். மின்சாரம் வேண்டாத, பழுதாகாத, யாருக்கும் பணிந்து அளவைக் குறைத்துக் காட்டாத கருவி. கெடாத காடு ஒன்று மிஞ்சியிருந்தால்தான் கெட்டது எவ்வளவு என்று ஒப்பிட முடியும். காப்பிடங்கள் அந்த வேலையையும் சம்பளமில்லாமல் செய்கின்றன.

இனி செய்ய வேண்டியது

கந்தகத்தைப் பிடிக்கும் கருவியை மின்நிலையக்காரர்கள் ‘எஃப்.ஜி.டி.’ என்பார்கள். சுண்ணாம்புக்கல் கரைசலில் புகையைக் கழுவுவார்கள். கந்தகம் ஜிப்சமாக வெளியே வரும், விற்கலாம். அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்து, இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. கெடு நீட்டிக்கப்பட்டது. மறுபடி நீட்டிக்கப்பட்டது. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டின் அனல்மின் அலகுகளில் முக்கால் பங்குக்கும் மேலானவற்றுக்கு இந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது காரணம். குறைவுதான். ஆனால், கோடிக்கணக்கான டன் எரிக்கும்போது குறைவு என்பது எவ்வளவு நேரம் குறைவாக இருக்கும்?

எண்ணூருக்கு ஒரு நல்வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. டெல்லி வட்டாரத்திலிருந்தும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு விலக்கு இல்லை. எண்ணூரே சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. வடசென்னையும் வல்லூரும் அதன் எல்லையை ஒட்டி நிற்கின்றன. அவை கருவியைப் பொருத்தித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது வேலை மாநில அரசின் கையில் தொடங்க வேண்டியது. இந்தியாவில் மிக அதிக ராம்சர் தலங்களைக் கொண்ட மாநிலம் தமிழ்நாடு. அதில் பெருமைப்படும் அரசு, எண்ணூர்க் கழியின் ஈரநிலத்தை எல்லைகட்டிப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கவும், சூழல் கூருணர்வுப் பகுதியாக்கும்படி மத்திய அரசைக் கேட்கவும் என்ன தடை? அது நடந்தால் கந்தக டை ஆக்சைடுக்கு 50 என்ற அளவு 20 ஆகும். புதிய சாம்பல் குளத்துக்கு இடமிருக்காது. 1981-ம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின் 19-வது பிரிவு இன்னும் ஒரு வழி தருகிறது: காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் குறிப்பிட்ட எரிபொருளை எரிக்கவே மாநில அரசு தடை போடலாம். சட்டம் இருக்கிறது, கையெழுத்துதான் இல்லை. மாறாக, 6,111 ஏக்கரில் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டம் ஆண்டுக்கணக்காகக் கோப்பில் காத்திருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்கள் அதைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆலைகளை நாளைக்கே மூடச் சொல்லவில்லை. இதை அச்சடிக்கும் இயந்திரமும் அந்த மின்சாரத்தில்தான் ஓடுகிறது. மூடாத வரை புகையைக் கழுவுங்கள். மிச்சமிருக்கும் கழிக்குக் கோடு போடுங்கள் என்பதே கோரிக்கை.

வாசகர்களே, காற்றின் தரத்தைக் காட்டும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். வேளச்சேரியின் எண்ணைப் பார்ப்பவர்கள் மணலியின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரையோ நாடாளுமன்ற உறுப்பினரையோ சந்திக்கும்போது, வடசென்னை, வல்லூர் நிலையங்களில் எஃப்.ஜி.டி. எந்த அளவில் நிற்கிறது என்று கேளுங்கள். கெடுவைப் பலமுறை நீட்டித்த பழக்கம் உள்ளவர்கள் இன்னொரு முறையும் நீட்டிக்கப் பார்ப்பார்கள். சட்டப்படி கெடு 2027 டிசம்பரோடு முடிகிறது.